பருந்தின் பசி

1

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோவளத்துக்குத் தெற்கே கடற்கரையோரமாக நானும் ஒரு நண்பனும் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு கிலோமீட்டருக்குள் ஏழு ஆமைகளைப் பார்த்தோம். ஏழும் செத்தவை. கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து ஊதியிருந்தது. ஓட்டில் காயம் எதுவும் இல்லை. வலையில் சிக்கி மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்த ஆமை அப்படித்தான் இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. கடலிலேயே வாழும் பிராணி கடலிலேயே மூழ்கிச் சாகிறது.

படம் எடுத்தேன், இன்ஸ்டாவில் போட்டேன். உடைந்த இதயங்கள் வந்து குவிந்தன. பக்கத்தில் படகு நிழலில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "படம்லாம் நல்லா எடுக்கறீங்க தம்பி. எறா துன்றத வுடுவீங்களா?" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். அன்று மதியம் ஈசிஆரில் ஒரு கடையில் எறா தொக்கு ஆர்டர் பண்ணும்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. ஆர்டரை மாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கரைகளில் ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. செய்திகள் வந்தன, ஓய்ந்தன. ஆனால் அந்த அண்ணனின் கேள்வி எனக்குள் வேறொரு இடத்துக்கு நகர்ந்தது. காயம்பட்ட உயிர்களை மனிதர்கள் காப்பாற்றும் கதைகளை நான் விரும்பிப் பார்ப்பவன். அழுதும் இருக்கிறேன். அந்தக் கதைகளில் எதுவும் இதுவரை என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லையே, ஏன்? அல்லது கேட்டும் என் காதில் விழவில்லையா? அவற்றில் மூன்றை மறுபடி பார்த்தேன். அதிலிருந்து வந்தது இந்தக் கட்டுரை.

2

நம்மிடம் உள்ள மிகப் பழைய மீட்புக் கதையிலிருந்து தொடங்குகிறேன். பருந்து துரத்திய புறா ஒன்று சிபிச் சக்கரவர்த்தியின் மடியில் வந்து விழுகிறது. அவன் தன் தொடையை அரிந்து எடைக்கு எடை தசை கொடுத்து அதைக் காப்பாற்றுகிறான். சோழர்கள் இவனைத் தங்கள் முன்னோன் என்றார்கள், செம்பியன் என்ற பெயரையும் சூடிக்கொண்டார்கள். பள்ளியில் நமக்கு இது கருணைக்கான பாடம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்.

அந்தப் பாடத்தில் பருந்துக்கு ஒரு வரிக்கு மேல் இடம் இருந்ததாக நினைவில்லை. ஆனால் மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் கதையில் பருந்து வாதாடுகிறது. இது என் உணவு, இதை நீ பறித்துக்கொண்டால் நான் சாவேன், என்னை நம்பியிருக்கும் என் குடும்பம் சாகும், ஒன்றைக் காக்கப்போய்ப் பலதைக் கொல்வது என்ன தர்மம் என்று கேட்கிறது. அரசனால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. பருந்தின் பசி நியாயமானது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தராசு வருகிறது. தராசு வந்ததும் இன்னொன்று தெரிகிறது: எவ்வளவு அரிந்து வைத்தாலும் புறாவின் தட்டுதான் கனக்கிறது. கடைசியில் அவனே ஏறி உட்கார வேண்டியிருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர் புறாவிடமோ அரசனிடமோ இல்லை, தராசில் இருக்கிறது. ஒரு உயிர் காப்பாற்றப்பட்டால் அதன் விலையை யாரோ கொடுத்தாக வேண்டும். யார் கொடுக்கிறார்கள், யாருடைய பசி அந்தரத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் மீட்புக் கதை பெரிய கதை. புறாவை மட்டும் காட்டுவது நல்ல மனசுள்ள கதை. நல்ல மனசு கெட்டதல்ல. ஆனால் அது போதுமா என்பதுதான் கேள்வி.

3

'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கியது. 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயை இழந்த ரகு என்ற குட்டி யானையையும், பின்னர் வந்த அம்முவையும் வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த இருவர் உலகத்தின் முன்னால் தங்கள் குரலில் பேசுகிறார்கள். அதற்கு முன் அவர்களை நம் படங்கள் எப்படிக் காட்டின என்று யோசித்தால் இதன் மதிப்பு புரியும்.

படத்தின் மிக நல்ல தருணங்கள் எல்லாம் கைகளில் நடக்கின்றன. ஊட்டும் கை, குளிப்பாட்டும் கை, தும்பிக்கையைத் தட்டிவிடும் கை. பராமரிப்பு என்பது உணர்ச்சியைவிட உழைப்பு, அதுவும் தினசரி உழைப்பு என்பதை இந்தக் கைகள் சொல்லிவிடுகின்றன. பெள்ளி தன் மகளை இழந்தவர். ரகு அந்த வெற்றிடத்துக்குள் வருகிறான். பிறகு வனத்துறை ரகுவை வேறு பாகனிடம் ஒப்படைக்கும்போது அவர் இன்னொரு முறை இழக்கிறார். அந்த இடத்தில் இரண்டாவது தடவையும் கண் கலங்கியது.

ஆனால் இரண்டாவது தடவை வேறு சிலதும் தெரிந்தன. ரகுவின் தாய் மின்சாரம் தாக்கிச் செத்தது என்று படம் சொல்கிறது. அந்த மின்சாரம் யாருடையது, எதைக் காக்க அங்கே ஓடியது, யானை ஏன் அந்தப் பக்கம் வந்தது என்பதில் படம் நிற்பதில்லை. பெள்ளியின் முதல் கணவரைப் புலி கொன்றது ஒரு வாக்கியமாகக் கடந்துபோகிறது. தெப்பக்காடு முகாம் ஒரு காலத்தில் மரம் இழுக்கும் யானைகளுக்கான இடம். அந்த மரங்கள் போனதும் யானைகள் ஊருக்குள் வருவதும் ஒரே கதையின் இரு முனைகள். முதுமலை 2007இல் புலிகள் காப்பகமானதை அடுத்து அந்த வட்டாரத்தில் எழுந்த எதிர்ப்பும், காட்டுக்குள் வாழும் மக்களின் இடப்பெயர்வும் படத்தின் சட்டகத்துக்குள் வரவே இல்லை. காடு படத்தில் அழகாக இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லாதது போல. ரகுவை மாற்றிக்கொடுக்கும் முடிவு மழை மாதிரி, வெயில் மாதிரி வந்துவிடுகிறது. அதை எடுத்தவர்களுக்கு முகமில்லை.

நாற்பது நிமிடப் படத்தில் இத்தனையும் எப்படி வைப்பது என்று கேட்கலாம். நியாயம்தான். எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை. பருந்து ஒரே ஒரு முறை, திரையின் ஓரத்திலாவது பறந்திருக்கலாம் என்கிறேன். அது பறக்காததால்தான் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம்மால் இவ்வளவு நிம்மதியாகத் தூங்க முடிகிறது.

4

அதே ஆண்டு ஆஸ்கர் பட்டியலில் முழுநீள ஆவணப் பிரிவில் இன்னொரு இந்தியப் படம் இருந்தது: ஷௌனக் சென்னின் 'ஆல் தட் பிரீத்ஸ்'. சன்டான்ஸிலும் கானிலும் விருது வாங்கிவிட்டு ஆஸ்கரில் வெறுங்கையோடு திரும்பியது. தில்லி வஜீராபாதில் நதீம், சவூத் என்ற அண்ணன் தம்பியும் உதவியாளர் சாலிக்கும் அடிபட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். சோப்பு டிஸ்பென்சர் செய்யும் பட்டறைதான் ஆஸ்பத்திரி. வருபவை பெரும்பாலும் பருந்துகள்.

ஆமாம், பருந்துகள். சிபியின் கதையில் பசியோடு காத்து நின்ற அதே பறவை இங்கே இறகு கிழிந்து அட்டைப்பெட்டிக்குள் வருகிறது. சகோதரர்கள் இந்த வேலையைத் தொடங்கிய காரணத்தைக் கேளுங்கள். சின்ன வயதில் அடிபட்ட பருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பறவை மருத்துவமனைக்குப் போகிறார்கள். கறி தின்னும் பறவை என்று சேர்க்க மறுத்துவிடுகிறார்கள். கருணையின் வாசலிலேயே ஒரு காவலாளி நிற்கிறான், யார் புறா யார் பருந்து என்று பிரித்து அனுப்ப. படம் இதைக் கத்திச் சொல்லவில்லை. 2020இல் வடகிழக்குத் தில்லி எரிந்த நாட்களில் ஒரு முஸ்லிம் குடும்பம் இந்தப் பறவைகளுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. மிச்சத்தை நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

மீட்பின் செலவுக் கணக்கை இவ்வளவு வெளிப்படையாக வைக்கும் வேறொரு படம் நினைவுக்கு வரவில்லை. பருந்தைக் காப்பாற்ற இறைச்சி வேண்டும். இறைச்சி அரைக்கும் மெஷின் மக்கர் பண்ணுகிறது. பணம் இல்லை. அண்ணன் தம்பிக்குள் உரசல். பறவைகள் குணமாகிப் பறக்கின்றன, அடுத்த பெட்டி வந்து நிற்கிறது. காற்றாடி மாஞ்சா நிற்கவில்லை, காற்று சுத்தமாகவில்லை. என் தொழிலில் ஒரே பிழை தினமும் வந்து, தினமும் ராத்திரி எழுந்து சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுகிறவனைப் பாராட்டுவார்கள். ஒரு கட்டத்தில், மூலப் பிழையை ஏன் யாரும் தொடவில்லை என்று ஒருவர் கேட்பார், அறையில் அமைதி வரும். இந்தப் படம் முழுக்க அந்த அமைதி இருக்கிறது.

5

மூன்றாவது ஆவணப்படமல்ல, எல்லோரும் பார்த்த 'ஜெய் பீம்' (2021). த.செ. ஞானவேல் இயக்கியது. அதை மீட்புக் கதை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதன் நாடகமே ஒரு மீட்பில்தான் தொடங்குகிறது. ஊர்ப் பெரிய வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிடுகிறது. இருளரான ராஜாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார்கள். அவன் வந்து பிடித்துக்கொண்டு போகிறான். மற்ற நாட்களில் அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாதவன் அன்று உள்ளறை வரை போகிறான். பிறகு நகை காணாமல் போகிறது. வீட்டுக்குள் வந்தவன் யார்? அவன்தான். அவன் சாவு அங்கே எழுதப்பட்டுவிடுகிறது.

பாம்பைக் காப்பாற்றியவனைக் காப்பாற்ற யாருமில்லை. படத்தின் மற்ற இடங்களில் உரத்த குரல் உண்டு, எனக்கு அதில் விமர்சனமும் உண்டு. ஆனால் இந்த ஒரு காட்சித் தொடரில் தராசின் இரண்டு தட்டும் தெரிகின்றன. காட்டு உயிரைக் கையாளும் அறிவு யாரிடம் இருக்கிறது, அந்த அறிவுக்கு இந்தச் சமூகம் என்ன கூலி கொடுக்கிறது என்று தமிழ் சினிமா இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இதற்கு நேர் எதிரான கதையொன்று நம் கரையிலேயே இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி, ராமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை வளாகம். அங்கே இயங்குகிறது 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் பிறகு வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத் தோல் வியாபாரத்தை நிறுத்தின. பாம்புகள் பிழைத்தன, தோலுக்காகப் பிடித்து வயிறு வளர்த்த இருளர்கள் பட்டினியானார்கள். சிபி கதையில் பருந்து கேட்டது அப்படியே நடந்தது. அதற்குக் கிடைத்த பதில்தான் இந்தச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உயிரோடு பிடித்து வருகிறார்கள். சுமார் மூன்று வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். எடுத்த விஷம் மருந்துக் கம்பெனிக்குப் போகிறது, குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தப்படுகிறது, குதிரையின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து வருகிறது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் சாகிறார்கள் என்கிறது 2020இல் வெளியான ஓர் ஆய்வு. அந்த எண்ணிக்கை இன்னும் கூடாமலிருப்பதில் இந்தப் பானைகளுக்கும் பங்கு உண்டு.

பாம்பு, இருளர், குதிரை, கடிபட்ட விவசாயி என நான்கு உயிர்களும் ஒரே தராசில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொடுக்கிறது. இதில் நெஞ்சை உருக்கும் காட்சி எதுவும் இல்லை. 2023 ஜனவரியில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2017இல் ஃபுளோரிடா சதுப்பு நிலத்துக்குப் போய்ப் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தவர்கள் அவர்கள். அதே சமயத்தில் உலகமே பொம்மனையும் பெள்ளியையும் கொண்டாடியது. கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிப் படம் எடுத்தால் நாம் அழ மாட்டோம் என்பது எனக்குத் தெரியும். நாம் எதற்கு அழுகிறோம் என்பதே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

6

சினிமாவை விட்டுவிட்டுத் தினமும் நாம் பார்க்கும் மீட்புக் கதைக்கு வருவோம். ரீல்ஸ். கிணற்றில் விழுந்த நாயை, வலையில் சிக்கிய பாம்பை யாரோ காப்பாற்றுகிறார்கள், பின்னணியில் பியானோ. இவற்றில் ஒரு பகுதி ஜோடிக்கப்பட்டது. பிராணியை அவர்களே ஆபத்தில் வைத்து, அவர்களே கேமராவோடு ஓடிவந்து காப்பாற்றும் வீடியோக்கள் உலகம் முழுக்க எடுக்கப்படுகின்றன. ஜோடிக்காத வீடியோவிலும் பாம்பைப் பிடித்தவர் அதைப் பைக்குள் போடாமல் படமெடுக்க வைத்து முத்தம் கொடுக்கிறார். பாம்புக்கு அது இரண்டாவது விபத்து. கூட்டிலிருந்து இறங்கிப் பறக்கப் பழகும் குஞ்சை அனாதை என்று நினைத்து வீட்டுக்கு எடுத்து வந்து பாலும் பிரெட்டும் ஊட்டி வீடியோ போடுகிறார்கள். தாய்ப்பறவை மரத்தில் கத்திக்கொண்டிருப்பது வீடியோவில் கேட்கும்.

மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை இருக்கிறது. நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே தவம் செய்யும் மனிதனைப் போலவே தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு இந்தச் சிரிப்பு எப்படி வந்ததோ. கருணையின் தோரணையை மட்டும் கற்றுக்கொண்டவனை அவன் அந்தப் பெரிய தவத்துக்குப் பக்கத்திலேயே, அதே பாறையில் செதுக்கிவிட்டான். ரீல்ஸ் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வருகிறது. ஜனவரியில் நான் போட்ட ஆமைப் படத்தைப் பார்க்கும்போதும்.

7

அந்த வருஷமே பங்குனியில் ஒரு ராத்திரி, ஆமை முட்டை தேடும் தன்னார்வலர்களோடு நடந்தேன். நம் மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்கிறார்கள். சென்னைக் கரையில் 1988இலிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக இப்படி நடக்கிறார்கள். இன்னும் தெற்கே, 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷனில் மீனவ இளைஞர்களே காவலர்கள். காயம்பட்டுக் கரையேறும் ஆமைகளுக்கு வைத்தியமும் நடக்கிறது. வலை அறுத்துத் துடுப்பு போன ஆமைக்கு மருந்து போடும் டாக்டரிடம் போய், சார் நீங்க டிராலர் அரசியலைப் பேசவில்லையே என்று கேட்பது மடத்தனம். அவர் செய்வது வேலை. நான் விமர்சிப்பது அந்த வேலையைப் பற்றி நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் கதையை.

அன்று ஒரு குழியில் நூற்றுச் சொச்சம் முட்டைகள் கிடைத்தன. ஈரம் குறையாமல் மணலோடு சேர்த்துப் பையில் எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தோம். ஏறக்குறைய 45 நாள் கழித்துக் குஞ்சுகள் கடலுக்குப் போகும். ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடந்துகொண்டே மனக்கணக்குப் போட்டேன். ஜனவரியில் செத்தவை ஆயிரத்துக்கு மேல் என்றால், அந்த இடத்தை நிரப்பப் பத்து லட்சம் குஞ்சுகள் கடலுக்குள் போக வேண்டும். நாங்கள் கையில் வைத்திருந்தது நூறு முட்டை. வேலையை நிறுத்தச் சொல்லும் கணக்கல்ல இது. குஞ்சு விடும் வீடியோ மட்டும் போதும் என்று நினைப்பதை நிறுத்தச் சொல்லும் கணக்கு.

இன்னொரு தட்டில் இருப்பது என்ன? கரையிலிருந்து 5 கடல் மைல் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. இழுவை மடியில் சிக்கிய ஆமை வெளியேற ஒரு கம்பித் தடுப்பும் கதவும் வைக்கலாம், அந்தக் கருவி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அது இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டன. 1998இல் வந்த தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். கதவு வழியாக மீனும் போய்விடும் என்பது விசைப்படகுக்காரர்களின் கவலை. டீசல் கடன், வட்டி, ஆட்களின் கூலி எல்லாம் அந்தக் கதவில் தொங்குகின்றன. அவர்களும் தானாக முளைத்தவர்கள் இல்லை. 1950களில் நார்வே உதவியோடு கேரளத்தில் தொடங்கி, அரசாங்கமே மானியம் கொடுத்து, இறாலுக்காக வளர்த்த தொழில் அது. இறால் போவது தூரதேசத்துக்கும் ஈசிஆர் கடைக்கும். அந்தப் பக்கம் நிற்கும் பருந்துக்கு என் முகமும் இருக்கிறது.

இந்தக் கரையின் ஆமையைப் பற்றி ஒரு நல்ல படம் வந்தால் அதில் ஆமை, டாக்டர், தன்னார்வலர் மூவரோடு டீசல் பில்லைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு விசைப்படகு முதலாளியும், வலைக்குள் கை விட்டு ஆமையை எடுத்துக் கடலில் போடும் ஒரு கூலியாளும், எறா தொக்கு தின்னும் ஒரு ஐடிக்காரனும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வில்லனாக அல்ல, வாதாடும் உரிமையுள்ள பருந்துகளாக.

படகு நிழலில் இருந்த அண்ணனைப் பிறகு ஒரு முறை பார்த்தேன். எறாவை விட்டுவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை, மறந்திருப்பார். நானாகச் சொன்னேன்: "முழுசா வுடலண்ணா. கொறைச்சிருக்கேன். எந்தப் படகுல வந்துதுன்னு கடையில கேக்கறேன்." அவர் வலையிலிருந்து தலை நிமிராமல், "கேட்டா சொல்றானா?" என்றார்.

சொல்வதில்லை. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.